உள்ளங்காலில் மருதோன்றி

அத்தியாயம் ஒன்பது

பிள்ளைகுட்டியோடு நெடும்பயணம் போகிறவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, படுத்தால் நித்திரை இல்லை, என்ன செய்தாலும் நல்ல பேரும் இல்லை. மன்னார் ஸ்டேசனில் தலைமன்னார்த் துறைக்குப் போகும் றெயிலில் ஏறி உட்கார்ந்தபோது நசீறாவுக்கு இது வடிவாக விளங்கியிருந்தது.

சென்ற வாரங்களில் கூடவே வந்தவர்களுக்குக் கதை தெரியும். இன்றைக்குத்தான் ஏறுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு சிலாவத்துறை வஸீரின் குடும்பம் ஹஜ்ஜுக்குக் கிளம்பியது. வஸீர், அவன் பெண்சாதி நசீறா, ஏழு வயது மகள் சித்தி மரியம், மூன்று வயது மகன் சனூன், இவர்களோடு வஸீரின் ராத்தா கதீஜா. ராத்தா என்றால் கூடப்பிறந்த அக்கா.

உண்மையைச் சொன்னால் இது கதீஜாவின் பயணம். புருஷன் மௌத்தாகித் தனியாளான நாள் தொடக்கம் மக்கம் மக்கம் என்று ஏங்கிக் கிடந்தவள் அவள். ஆனால் பெண் பிள்ளை தனியே அந்தப் பயணம் போக முடியாது. மகனோ கூடப்பிறந்தவனோ துணைக்கு வர வேண்டும். அவளுக்கு மகன் இல்லை, பிள்ளையே இல்லை. தம்பி "நான் வாறன் ராத்தா" என்றான். தம்பி போனால் பெண்சாதியை விட்டுவிட்டா போவான்? பெண்சாதி போனால் பிள்ளைகளை யாரிடம் விடுவாள்? இப்படித்தான் ஒருத்தியின் ஆசை ஒரு குடும்பத்தையே வண்டியில் ஏற்றியது.

அருவியாற்றில் வண்டிச் சில்லு புதைந்தது, நறுவிலிக்குளத்தில் மரியம் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தது, எருக்கலம்பிட்டியில் உறவுக்காரர் மீராசாஹிபு வீட்டில் தங்கி ஆள் மாறி ஆள் காய்ச்சலில் கிடந்தது எல்லாம் பழைய கதை. இன்னும் அக்கரைகூடப் போகவில்லை. கப்பலில் தனுஷ்கோடி, அங்கிருந்து றெயிலில் பம்பாய், பிறகு பெரிய கப்பலில் ஜித்தா. திரும்பி வரும்போது தென்மேற்கில் இருந்து அடிக்கும் கச்சான் காற்றே ஓய்ந்துவிடும்.

நசீறா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எதிரே பார்த்தாள். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரமாகக் கதீஜா இருந்தாள். மடியில் சனூன். அவன் தலையில் தொப்பி, கைமுட்டி மூடிய நீளச் சட்டை, அதற்குமேல் சேலைத் தலைப்பு. எருக்கலம்பிட்டியில் இருந்தே பிள்ளை மாமி கதீஜாவோடுதான். சாப்பாடும் அவள் கையால், படுக்கையும் அவள் பக்கத்தில். "நீ மரியத்தைப் பார், இவனை நான் பாக்கிறன்" என்று கதீஜா சொன்னபோது, அப்பாடா என்று நசீறாவும் விட்டுவிட்டாள். அவளுக்கும் இரண்டு கைதானே.

"மதினி, பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடுப்பம். தாங்கோ இஞ்ச."

"நித்திரையில கிடக்கிறான். எழுப்பாத."

"காலமையிலயிருந்து நித்திரைதான். இந்தச் சத்தத்தில இவன் நித்திரை கொள்ளுற பிள்ளையோ?"

கதீஜா ஜன்னலுக்கு வெளியே பனைகளையும் மணலையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நசீறாவுக்கு மனம் கேட்கவில்லை. சனூன் எப்படிப்பட்ட பிள்ளை? வண்டியில் வரும்போது மாட்டு வாலைப் பிடித்து இழுத்து வண்டிக்காரனிடம் பேச்சு வாங்கித் தந்தவன். அவன் இப்படிச் சுருண்டு கிடப்பதாவது.

பக்கத்தில் இருந்த பெண்ணும் அதைத்தான் கேட்டாள். அவள் பேர் சிவலட்சுமி, நறுவிலிக்குளத்தில் வயல் செய்யும் கமக்காரன் ஒருவனின் மனைவி. கல்யாணமாகி எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பிறந்த கைக்குழந்தையோடு இராமேஸ்வரத்துக்கு நேர்த்திக்கடன் தீர்க்கப் போகிறாள். பிள்ளையின் முடி இன்னும் எடுக்கவில்லை. அதற்குத்தான் பயணம்.

"பிள்ளைக்குச் சுகமில்லையோ அக்கா?"

"வெயில்," என்றாள் கதீஜா.

மரியம் அந்தக் குழந்தையின் விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். குழந்தை பொக்கை வாயால் சிரித்தது. சிவலட்சுமியின் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து நசீறாவுக்குத் தன் களைப்புக்கூடக் கொஞ்சம் மறந்தது.

பேசாலை தாண்டியதும் றெயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. சனூன் முனகிக்கொண்டு காலை நீட்டினான். தலைப்பு விலகி ஒரு பாதம் வெளியே வந்தது.

உள்ளங்கால் முழுக்கச் சிவப்பு.

நசீறா குனிந்து பார்த்தாள். மருதோன்றி. பெருநாளுக்கு அவள் அவனுக்கு வைத்தது உள்ளங்கையில் ஒரு பொட்டு. அதுவும் மங்கிப் போய்விட்டது. இது நேற்று வைத்த மருதோன்றி. குதிக்காலில் இருந்து விரல் நுனிவரை அப்பியிருந்தது.

மன்னார்ப் பக்கத்தில் உள்ளங்காலுக்கு இப்படி மருதோன்றி அப்புவது இரண்டு பேருக்குத்தான். ஒன்று கல்யாணப் பெண். மற்றது அம்மை கண்ட பிள்ளை. அம்மைச் சூடு கண்ணுக்கு ஏறிப் பார்வையைக் கொண்டுபோகாமல் மருதோன்றி அதைக் கீழே இழுக்கும் என்று சொல்வார்கள். நசீறாவின் தம்பி ஹுசைனுக்கு அம்மை கண்டபோது அவள் உம்மா வைத்ததை அவளே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள்.

அவள் எழுந்து கதீஜாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். தலைப்புக்குள் கையை விட்டுப் பிள்ளையின் சட்டையை உயர்த்தினாள். வயிற்றில் நீர் கட்டிய சின்னச் சின்னக் கொப்புளங்கள். முதுகிலும் கையில் தட்டுப்பட்டன. பிள்ளையின் உடம்பு கொதித்தது.

"மதினி, என்ன இது?"

"மெல்லக் கதை."

"என்ன இது எண்டு கேக்கிறன்."

"வேர்க்குரு."

"வேர்க்குருவுக்கு ஆரும் மருதோன்றி அரைப்பாங்களோ?"

சின்ன வயதில் கதீஜாவுக்கே அம்மை வந்து முகம் முழுக்கத் தழும்பு. அந்த முகம் இப்போது வெளிறிக் கிடந்தது.

"முந்தநாள் ரெண்டு கண்டது," என்றாள் கடைசியில். "உன்னட்டச் சொன்னால் நீ பயணத்தை மறிப்பாய் எண்டு தெரியும். இன்னும் கொஞ்ச நேரம்தான் நசீறா. முகத்தில ஒண்டும் இல்லை, கையில இல்லை. துறையில நோய் இருக்கோ எண்டு மேலோட்டமாத்தான் பாப்பாங்கள். அக்கரையில இறங்கினவுடன நானே ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவன். அல்லாஹ் மேல ஆணையாச் சொல்லுறன்."

"அதுக்குள்ள பிள்ளைக்கு ஏதும் ஆச்சுதெண்டால்?"

"வாயைக் கழுவு. இண்டைக்கு மறிச்சாங்களெண்டால் பம்பாயில கப்பல் போயிடும். அடுத்த வருஷம் நான் இருப்பனோ, இருந்தாலும் உன்ர புருஷன் இன்னொருக்காக் கடையைப் பூட்டிப்போட்டு வருவானோ? நீயே சொல்லு."

நசீறாவுக்குக் கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. தன் பிள்ளை, தன் வயிற்றில் பிறந்த பிள்ளை, முந்தநாள் தொடக்கம் அம்மையில் கிடக்கிறான். தனக்குத் தெரியவில்லை. போன வருஷம் முசலியிலிருந்து ஹஜ்ஜுக்குப் போன ஒருத்தி, கப்பலின் அடித்தட்டில் சுரத்தோடு கிடந்து மௌத்தான பிள்ளையைச் செங்கடலில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாள். இன்றுவரை அவள் கடல் பக்கம் போவதில்லை. அந்த நினைப்பு வந்ததும் நசீறாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கை ஓய்ந்தது என்று பிள்ளையை விட்டவள் அவள்தானே.

அவள் பிள்ளையைப் பறிக்காத குறையாக வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். மரியத்தையும் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தினாள்.

"ஏன் உம்மா? நான் பாப்பாவோட விளையாடுறன்."

"விளையாடினது காணும். இஞ்ச இரு."

சிவலட்சுமி ஒரு மாதிரிப் பார்த்தாள். வேற்று ஆள் என்று பிள்ளையை விலக்குகிறாள் என நினைத்திருப்பாள். நசீறாவுக்கு அதைச் சொல்லித் திருத்தவும் வாய் வரவில்லை.

*

துறையில் றெயில் நின்றதும் ஆண்கள் பெட்டியிலிருந்து வஸீர் இறங்கி ஓடி வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான், முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கப்பலைக் கண்டதும் அவனும் சின்னப் பிள்ளையாகிவிட்டான்.

"கெதியா வாங்கோ. அந்தா சோதனைக் கொட்டகை. பொம்பிளைகள் அந்தப் பக்கம். மரியம், கப்பலைப் பாத்தியோ?"

"இஞ்சருங்கோ," என்று நசீறா அவனைப் பெட்டிகளுக்குப் பின்னால் கூப்பிட்டாள். சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

வஸீரின் சிரிப்பு அப்படியே நின்றது. பிள்ளையைப் பார்த்தான், நசீறாவைப் பார்த்தான், பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"ராத்தா, உங்களுக்கு இது தெரியுமோ?"

கதீஜா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வஸீர் சால்வையால் முகத்தைத் துடைத்தான். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறான் என்று நசீறா காத்திருந்தாள்.

"சரி," என்றான் அவன். "இப்ப ஒண்டும் கதைக்காத நசீறா. சத்தம் போடாமல் வா. அக்கரையில பாப்பம்."

"என்ன சொல்லுறீங்கள்?"

"கொப்புளிப்பானாத்தான் இருக்கும். ஊரில எந்தப் பிள்ளைக்கு வராதது? நாலு நாளில காஞ்சிடும்."

"கொப்புளிப்பானோ பெரியம்மையோ, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாததைத் துறையில நிண்டு சொல்லி, வந்த பயணத்தைக் கெடுக்கவோ?" குரலைத் தணித்தான். "ராத்தாவின்ர முகத்தைப் பார் நசீறா. எனக்கு உம்மா மாதிரி வளர்த்தவ."

நசீறா பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் குடும்பத்தில் எல்லாம் நடக்கிறது. அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

சோதனைக் கொட்டகையில் பெண்களுக்கென்று படங்குச் சீலையால் ஒரு மறைப்புக் கட்டியிருந்தது. உள்ளே ஆட்களை இருத்திப் பார்க்க ஒரு மர வாங்கும் ஒரு தண்ணீர்ப் பேசினும் இருந்தன. பெண்களைப் பார்க்கிறவள் பேசாலையைச் சேர்ந்த நேர்ஸ் றோஸ்மேரி. டாக்குத்தர் வெளியே ஆண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை பெரிது, கப்பல் ஒருமுறை ஊதிவிட்டது. றோஸ்மேரியின் கை விறுவிறென்று வேலை செய்தது.

கதீஜா முந்திக்கொண்டு தன் துவாயை வாங்கில் விரித்து, நசீறாவிடம் இருந்த சனூனை வாங்கி அதில் இருத்தினாள். துவாய் நுனியால் அவன் காலை மூடிவிட்டாள். பிள்ளை அவள் கையில் சாய்ந்துகொண்டான்.

"நாக்கை நீட்டுங்கோ மகன். கண்ணைக் காட்டுங்கோ. கை?" கதீஜா நீளச் சட்டையின் கையைச் சுருட்டிக் காட்டினாள். தோளுக்குக் கீழே அம்மை வராமல் இருக்க அம்மைப்பால் குத்தின தழும்பு இருந்தது. றோஸ்மேரி தலையாட்டினாள். நெற்றியில் கை வைத்தாள். "சுடுதே."

"றெயிலுக்குள்ள வெயில், பிள்ளை வாடிப்போனான்," என்றாள் கதீஜா.

"இண்டைக்கு எனக்கும்தான் சுடுது. சரி, போங்கோ. அடுத்த ஆள்."

முடிந்துவிட்டது. அவ்வளவுதான். கதீஜா பிள்ளையை அள்ளிக்கொண்டாள். அவள் உதடு துடிக்க துஆ ஓதுவது நசீறாவுக்குக் கேட்டது. அக்கரையில் பார்க்கலாம் என்று நசீறாவும் ஒரு கணம் நினைத்தாள். மறைக்க என்ன இருக்கிறது, நினைத்தாள்தான். எல்லோரும் போகலாம், யாரும் அழ வேண்டாம், புருஷன் முகம் கறுக்காது.

அடுத்தவள் சிவலட்சுமி. கைக்குழந்தையை எங்கே கிடத்துவதென்று வெறும் வாங்கைப் பார்த்தாள். மரியம் மாமியின் கையில் இருந்த துவாயை எடுத்து மடித்து அவளிடம் நீட்டினாள்.

"இதில படுக்க வையுங்கோ. பாப்பாவுக்கு நோகும்."

"நல்ல பிள்ளை," என்று சிவலட்சுமி கையை நீட்டினாள்.

கதீஜா பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை.

"மரியம், குடுக்காத," என்றாள் நசீறா. துவாயைப் பறித்தாள். அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ என்று இருந்தது. "நேர்ஸ், பிள்ளையின்ர காலைப் பாருங்கோ. சட்டையைக் கழட்டிப் பாருங்கோ."

றோஸ்மேரி சனூனின் காலைப் பிடித்துத் திருப்பினாள். மன்னார்த் தீவில் பிறந்தவளுக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினாள். சிவலட்சுமி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மறைப்பின் மூலைக்குப் போய்விட்டாள். "றெயிலிலயே சொல்லியிருக்கலாமே," என்றாள் அழுகையோடு.

டாக்குத்தர் வந்தார். பார்த்தார். கொப்புளிப்பானா பெரியம்மையா என்று மூன்றாம் நாள்தான் சொல்லலாம் என்றார். பிள்ளையும், பிள்ளையோடு ஒட்டிப் படுத்தவர்களும் துறைக்கு அப்பால், நோய் பரவாமல் தனியே வைக்கும் மறியல் கொட்டிலில் இருக்க வேண்டும். மற்றவர்கள் போகலாம்.

"இவனோட ஆர் படுக்கிறது?" என்று றோஸ்மேரி கேட்டாள்.

நசீறா கதீஜாவைப் பார்த்தாள். கதீஜாவின் விரல்கள் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்திருந்தன. அவள் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. உள்ளதைச் சொன்னால் கதீஜாவின் பயணம் இந்த வாங்கிலேயே முடியும். ஒருதரம் அம்மை வந்த உடம்பு அவளுடையது, இன்னொருதரம் வராது, அவள் போவதால் யாருக்கும் கேடில்லை. நசீறா அதை நினைத்தாளா, இல்லை இவளோடு ஒரே கொட்டிலில் அடைபட்டுக் கிடக்க நேருமே என்று பயந்தாளா, அவளுக்கே தெரியாது.

"நான்தான். நானும் மகளும்."

"இல்ல உம்மா, தம்பி மாமி..."

நசீறா மரியத்தின் தோளை இறுக்கிப் பிடித்தாள். பிள்ளை மிரண்டு அடங்கிவிட்டது.

*

கொட்டகைக்கு வெளியே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நசீறாவும் பிள்ளைகளும், அந்தப் பக்கம் வஸீர்.

"ஏன் நசீறா இப்பிடிச் செய்தனீ?" என்றான். கோபம் இருந்தது, ஆனால் சத்தம் எழும்பவில்லை. "பாஸ் பண்ணின பிறகு."

"அந்தப் பொம்பிளையின்ர பிள்ளையைப் பாத்தன்."

அவன் கடலைப் பார்த்தான்.

"ராத்தா தனியப் போக ஏலாது. நான் இல்லாட்டி அவவுக்குப் பயணம் இல்லை."

"ஓம்."

"சிலாவத்துறைக்கு ஆள் அனுப்பியிருக்கிறன். உன்ர தம்பி ஹுசைன் வந்திடுவான். சாமானெல்லாம் கொட்டிலுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன்."

"ஓம்."

"ஓம் ஓம் எண்டு நிக்காமல் என்னவாவது கதை."

"என்னத்தைக் கதைக்க? உங்கட பெட்டியைக் கப்பலில ஏத்திப்போட்டுத்தானே வந்து என்னட்டக் கேக்கிறீங்கள்."

வஸீருக்கு முகம் சுருங்கியது. "உங்களுக்கு அல்லாஹ் இருக்கிறான் நசீறா."

"மதினிக்கும் அவன்தான் இருக்கிறான்."

அவன் சனூனைத் தொடக் கை நீட்டினான். காவல்காரன் "தொடாதீங்கோ ஐயா" என்றான். வஸீர் கையை மடக்கிக்கொண்டான், மரியத்தைப் பார்த்து, "உம்மாவுக்குத் தொல்லை குடுக்காத மகள்," என்றான். கப்பலை நோக்கி நடக்கும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். நசீறா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பார்த்தால் அழுதுவிடுவாள்.

கதீஜா இன்னும் கயிற்றடியில் நின்றாள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் ஊரைவிட்டு இறங்குமுன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார்கள். உற்றார், அயலார், சண்டை பிடித்தவர், கதைக்காமல் இருந்தவர், ஒருவரையும் விடமாட்டார்கள். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் பொருந்திக்கொள்ள வேண்டும், அதைச் சுமந்துகொண்டு போய் ஆண்டவன் வீட்டில் நிற்க முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. சிலாவத்துறையில் கதீஜா ஒரு வாசலும் தவறாமல் ஏறி இறங்கியவள். அப்போது நசீறாவிடம் கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

"நசீறா, நான் செய்தது பிழை. பொருந்திக்கொள்ளு."

நசீறா பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். இவள் மறைக்க மட்டும் நினைத்திருந்தால் காலில் மருதோன்றி வைத்திருக்கமாட்டாள். யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று தெரிந்தும், பிள்ளையின் கண் போய்விடக்கூடாதென்று இருட்டில் இருந்து அரைத்து வைத்திருக்கிறாள். நசீறாவுக்கு அது விளங்கியது. விளங்கியும் நெஞ்சில் இருந்தது இறங்கவில்லை.

"என்ர பிள்ளை எழும்பி நடக்கட்டும் மதினி. இண்டைக்கு அந்தச் சொல்லு என்ர வாயில வராது."

"கப்பல் வெளிக்கிடப் போகுது."

"போயிட்டு வாங்கோ."

"இப்பிடி நான் எப்பிடிப் போறது?"

"அது எனக்குத் தெரியாது. பயணம் உங்கட."

நசீறா திரும்பி நடந்தாள். றோஸ்மேரி முன்னே போனாள், மரியம் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மணல் காலைச் சுட்டது. உடைமரங்களுக்கு நடுவில் ஓலைக் கொட்டில் ஒன்று தெரிந்தது.

பாதி வழியில் றோஸ்மேரி மெல்லச் சொன்னாள். "உங்கட விரலில இருக்கிறது பெருநாளுக்கு வைச்ச மருதோன்றி. அவவின்ர விரல் நேத்துச் சிவந்தது."

"தெரிஞ்சுகொண்டுதான் விட்டனீங்களோ?"

"கேட்டனான். நீங்கள் சொன்னதை டாக்குத்தரிட்டச் சொன்னனான். அதுக்குமேல மாதா பாத்துக்கொள்ளட்டும்."

கொட்டிலுக்குள் இரண்டு பாயும் ஒரு வெறுங்குடமும் கிடந்தன. நசீறா பிள்ளையைக் கிடத்திச் சட்டையைக் கழற்றினாள். கழுத்தடியில் புதிதாக ஒன்று எழும்பியிருந்தது. சனூன் கண்ணைத் திறந்து "மாமி" என்றான். இத்தனைக்கும் பிறகு இந்தப் பிள்ளை கேட்பது மாமியை.

துறையில் கப்பல் நீளமாக ஊதியது. நசீறா எழும்பவில்லை. காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. போகட்டும், போய்ச் சேரட்டும், என்று பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கோபமும் பயமும் ஒன்றாகக் கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் கிடந்தது. பெரியம்மையாக இருந்தால்? ஹுசைன் வராவிட்டால்? இந்த வெளியில் தனிப் பொம்பிளையாக எத்தனை இரவு?

"உம்மா," என்றாள் வாசலில் நின்ற மரியம். "மாமி வாறா."

"விசர்க் கதை கதைக்காத. மாமி கப்பலில."

"இல்ல உம்மா, வாறா. செருப்பும் இல்ல."

நசீறா எட்டிப் பார்த்தாள். கதீஜாதான். கையில் ஒரு பொட்டலமும் இல்லை. மணலில் கால் புதையப் புதைய வந்து, வாசலில் றோஸ்மேரியின் முன்னால் நின்றாள்.

"பிள்ளை என்னோடதான் படுத்தது," என்றாள் மூச்சு வாங்க. "அவ சொன்னது பொய். என்னையும் மறியுங்கோ."

றோஸ்மேரி நசீறாவைப் பார்த்தாள், வழியை விட்டாள். கதீஜா உள்ளே வந்து சனூனின் தலைமாட்டில் குந்தினாள். பிள்ளை கையை நீட்டி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

பொருந்திக்கொண்டேன் என்று சொல்ல நசீறாவுக்கு அப்போதும் வாய் வரவில்லை.

"குடத்தில தண்ணி இல்லை," என்றாள்.

"நான் அள்ளிக்கொண்டு வாறன்."

"பிறகு அள்ளலாம். அவர் எங்க? சாமான் இறக்கிறாரோ?"

கதீஜா சனூனின் தலையைத் தடவினாள்.

"மதினி, அவர் எங்க?"

"பொம்பிளைகளுக்குக் கப்பலில படங்கு கட்டி மறைச்சிருக்கிறாங்கள். அவன் மற்றப் பக்கம். சொல்லிப்போட்டு இறங்குவமெண்டு பாத்தன். சொன்னால் விடமாட்டான், கையைப் பிடிச்சு இருத்திப்போடுவான். கரைக்குப் போட்ட பலகையை எடுக்க வந்தாங்கள். எனக்கு யோசிக்க நேரம் இருக்கேல்ல நசீறா."

"அப்ப அவருக்கு..."

"தெரியாது. நான் இறங்கினது அவனுக்குத் தெரியாது."

நசீறா வாசலுக்கு ஓடி வந்தாள். கப்பல் துறையை விட்டு விலகித் தனுஷ்கோடிப் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டது. இந்நேரம் வஸீர் ராத்தாவுக்கென்று தேத்தண்ணி வாங்கிக்கொண்டு, படங்குக்கு அந்தப் பக்கம் நின்று "ராத்தா, ராத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான்.